செசரியாவில் ஒரு வீட்டு வாசல்



அப்போஸ்தலர் நடபடிகளை வாசிக்கிறவர்களுக்குச் செசரியா பழகிய பெயர். சுவிசேஷகனாகிய பிலிப்பு அங்கே குடியிருந்தார். பேதுரு அங்கே அழைக்கப்பட்டார். பவுல் அங்கே காவலில் இருந்தார். ஆயினும் அது எப்படிப்பட்ட பட்டணம் என்று நாம் நின்று கேட்பதில்லை. இந்த வாரம் அதைக் கேட்போம். அந்தப் பட்டணத்தின் வரலாற்றை அறிந்தால்தான் கொர்நேலியுவின் வீட்டில் நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

இது வடக்கே உள்ள பிலிப்புச் செசரியா அல்ல; மத்தியதரைக் கடலோரத்துச் செசரியா. பழைய பெனிக்கே நாட்டாரின் சிறிய துறை ஒன்று அங்கே பாழடைந்து கிடந்தது. பாலகன் இயேசுவைக் கொல்லத் தேடிய அதே ஏரோது, கி.மு. 22 முதல் ஏறக்குறைய 12 ஆண்டுகளில் அங்கே ஒரு மாநகரை எழுப்பி, அகஸ்து இராயனின் பெயரை அதற்குச் சூட்டினான். அந்தக் கரையில் இயற்கையான துறைமுகம் கிடையாது. ஆகவே இத்தாலியாவின் நேப்பிள்ஸ் விரிகுடாப் பகுதியிலிருந்து எரிமலைச் சாம்பலைக் கப்பல்களில் வரவழைத்து, சுண்ணாம்போடும் கல்லோடும் கலந்தார்கள். பெரிய மரப்பெட்டிகளைக் கடலில் இறக்கி, அவற்றுள் அந்தக் கலவையை நிரப்பினார்கள். கடல்நீரில் அது கரையாமல் இறுகிற்று. இவ்வாறு கடலுக்குள் நீண்ட தடுப்புச் சுவர்களுக்கு நடுவே கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கி நின்றன. துறைமுகத்தை நோக்கிய மேட்டில் இராயனுக்கும் ரோமாபுரிக்கும் ஒரு கோவில் நின்றது. கடல்வழியே வருகிறவன் முதலில் காண்பது அதுவே.

இன்று அங்கே செல்லும் பயணி, கடலைப் பார்த்து அமைந்த அரங்கையும், கரையோரம் நீளும் தேரோட்டக் களத்தையும், கர்மேல் மலையடிவாரத்து ஊற்றுகளிலிருந்து நீர் கொண்டுவந்த கால்வாயின் வளைவுகளையும் காணலாம். பாறைமுனையில் ஏரோதின் அரமனை இருந்த இடத்தில் அலைகள் மோதுகின்றன. துறைமுகத்தின் தடுப்புச் சுவர்களோ பெரும்பாலும் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன.

கி.பி. 6 முதல் யூதேயாவை ஆண்ட ரோமத் தேசாதிபதிகள் எருசலேமில் அல்ல, செசரியாவிலேயே வாசம்பண்ணினார்கள். 1961இல் இத்தாலிய அகழ்வாராய்ச்சியாளர்கள் அந்த அரங்கில் ஒரு சுண்ணாம்புக் கல்லைக் கண்டெடுத்தார்கள். அதில் பொந்தியு பிலாத்துவின் பெயரும் அவன் பதவியும் இலத்தீனில் வெட்டப்பட்டிருந்தன. திபேரியு இராயனைக் கனப்படுத்தும் கட்டடம் ஒன்றிற்காகப் பொறிக்கப்பட்ட அந்தக் கல்லைப் பிற்காலத்தார் அரங்கைப் பழுதுபார்த்தபோது படிக்கல்லாகப் போட்டிருந்தார்கள். நம் விசுவாசப் பிரமாணத்தில் நாம் உச்சரிக்கும் அந்தப் பெயரின்மேல் மக்கள் மிதித்து ஏறியிருக்கிறார்கள்.

பிலாத்து ஒருமுறை இராயனின் உருவம் தாங்கிய கொடிகளை எருசலேமுக்குள் கொண்டுபோகச் செய்தான். யூத ஜனங்கள் திரளாகச் செசரியாவுக்கு வந்து ஐந்து நாள் தரையில் விழுந்து மன்றாடினார்கள். ஆறாம் நாள் அவன் போர்ச்சேவகரைக்கொண்டு அவர்களைச் சூழ்ந்து பட்டயத்தைக் காட்டினான். அவர்கள் ஓடவில்லை, கழுத்தை நீட்டினார்கள். பிலாத்து கொடிகளைத் திருப்பிக்கொண்டான். யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதிவைத்த நிகழ்ச்சி இது.

இது பட்டணத்திற்கு வெளியேயிருந்து வந்த ஜனங்களின் வழக்கு. பட்டணத்திற்குள்ளேயும் ஒரு வழக்கு இருந்தது. செசரியாவில் யூதரும், கிரேக்க மொழி பேசிய சீரியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். ஒரே சந்தையில் வாங்கினார்கள்; ஒரே கால்வாயின் நீரைக் குடித்தார்கள். ஆனால் பட்டணம் யாருடையது என்ற கேள்வி அவர்களைப் பிரித்தது. கட்டியவன் யூத ராஜா என்றனர் இவர்கள். யூதருக்காகக் கட்டியிருந்தால் சிலைகளையும் கோவில்களையும் ஏன் வைத்தான் என்றனர் அவர்கள். பேலிக்ஸ் தேசாதிபதியாயிருந்த நாட்களில் இது தெருச்சண்டையாயிற்று. அங்கிருந்த ரோமச் சேவகரில் பெரும்பாலார் சீரியாவில் சேர்க்கப்பட்டவர்கள். தங்கள் இனத்தார் பக்கமே நின்றார்கள். நீரோ இராயன் கிரேக்கருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தான்.

கி.பி. 66இல் ஓர் ஓய்வுநாளன்று, ஜெபஆலய வாசலில் ஒருவன் சட்டியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் பறவைகளைப் பலியிட்டு யூதரைப் பரிகசித்தான். அதற்கு முன்பே, ஜெபஆலயத்தை ஒட்டிய நிலத்தின் உரிமையாளனாகிய கிரேக்கன், பன்மடங்கு விலை தருவதாகச் சொல்லியும் அதை விற்க மறுத்து, பட்டறைகளைக் கட்டி வழியைக் குறுக்கியிருந்தான். ஒரு குறுகிய சந்தில் தொடங்கிய பகை அவ்வாண்டிலேயே படுகொலையாய் முடிந்தது. ஒரு மணி நேரத்தில் 20,000க்கும் மேற்பட்ட யூதர் கொல்லப்பட்டார்கள் என்று ஜொசீபஸ் எழுதுகிறார். தொகை எதுவாயினும், அந்தப் பட்டணத்து யூத சமூகம் அத்துடன் அழிந்தது. எருசலேமின் அழிவில் முடிந்த போருக்கு இந்தச் சந்துச் சண்டையே தொடக்கம் என்றும் அவர் கூறுகிறார்.

இப்போது அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தைத் திறந்துபாருங்கள். அந்தப் படுகொலைக்கு ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன், இதே செசரியாவில், இத்தாலியா பட்டாளத்து நூற்றுக்கு அதிபதி ஒருவன் வாசலில் ஒரு யூதர் வந்து நிற்கிறார். யோப்பாவிலிருந்து கரையோரமாய் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நடந்து வந்தவர். அவருடன் ஆறு சகோதரர் இருக்கிறார்கள். அது ரோம அதிகாரியின் வீடு. யூதன் கால்வைக்கக் கூசும் வீடு. பேதுரு உள்ளே போனார். தம் பாதத்தில் விழுந்த கொர்நேலியுவைத் தூக்கி நிறுத்தி, தாமும் மனுஷன்தான் என்றார். ஞானஸ்நானம் முடிந்ததும் அவர் புறப்பட்டுவிடவில்லை, சிலநாள் தங்கினார்.

எருசலேமுக்குத் திரும்பியபோது சகோதரர் அவரோடு வழக்காடியது எதைக்குறித்து என்று கவனித்தீர்களா? ஞானஸ்நானம் கொடுத்ததைக்குறித்தல்ல, அவர்கள் வீட்டுக்குள் போய் அவர்களோடே சாப்பிட்டதைக்குறித்தே. பிரசங்கம் சகிக்கப்பட்டது, பந்திதான் இடறலாயிற்று.

பிற்பாடு பவுல் இரண்டு வருஷம் இப்பட்டணத்தில் காவலில் இருந்தார். அந்நாட்களில்தான் பேலிக்ஸின் சேவகர் யூதரின் வீடுகளைச் சூறையாடினார்கள். பதவியைவிட்டு அவன் போனபின் செசரியாவின் யூதத் தலைவர்கள் ரோமாபுரிவரை சென்று அவன்மேல் குற்றஞ்சாட்டினார்கள். யூதருக்குத் தயவுகாட்ட விரும்பி அவன் பவுலைக் கட்டுண்டவராகவே விட்டுப்போனான் என்று லூக்கா எழுதுவதன் பின்னணி இதனால் தெளிவாகிறது. இரு சமூகத்தாரின் பகைக்கு நடுவே அந்தக் கைதியின் விடுதலையும் பேரப்பொருளாயிற்று. ரோமாபுரியில் சாட்சிகொடுப்பாய் என்று கர்த்தர் அவருக்குச் சொல்லியிருந்தார். இராயனுடைய கனத்திற்காக ஏரோது கட்டிய பட்டணத்திலிருந்தே, காலம் வந்தபோது, அவர் அந்தப் பயணத்திற்குக் கப்பலேறினார்.

பிரியமானவர்களே, ஒரே நீரைக் குடித்தவர்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள் என்பது நமக்கு அந்நியமான கதையா? நாமும் ஒரே பீடத்தண்டையில் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறோம். ஆராதனை முடிந்து வெளியே வந்தபின் யார் வீட்டில் கைநனைப்போம், யார் வீட்டில் பெண்ணெடுப்போம், யாரை எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணுவோம் என்பதை ஜாதியைப் பார்த்துத் தீர்மானிக்கிற சபைகள் இன்னும் உண்டு. அந்தச் சந்து அகலமானதல்ல. ஆனால் அது எங்கே கொண்டுபோய்விடும் என்பதைச் செசரியா நமக்குக் காட்டுகிறது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். சபையில் இத்தனை வருஷமாகக் கைகுலுக்கியும், இதுவரை நீங்கள் போகாத ஒரு வீடு இருக்கும். குடும்பமாய் அங்கே போய், தருகிறதை உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள். அவர்களையும் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.

பட்சபாதமில்லாத தேவன் நம் வீட்டு வாசல்களைத் திறந்தருள்வாராக. ஆமென்.