எழும்பூர் மணலில் எழுதிய பாடம்

ஸ்கூல்ல நீங்க கிளாஸ் லீடரா இருந்திருக்கீங்களா? நான் இருந்தேன். பேசுறவங்க பேரை போர்டுல எழுதுறதுதான் மொத்த வேலையும். ஒரு காலத்துல அந்தப் பதவியை நம்பியே பள்ளிக்கூடங்கள் நடந்திருக்கு. அதோட ஆரம்பம் நம்ம எழும்பூர்ல.

1789-ல் அங்கே ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற பையன்களுக்கு ஒரு காப்பகப் பள்ளி தொடங்கினார்கள். அதைக் கவனிக்க வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் படிப்பு நகரவே இல்லை.

ஒருநாள் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுகிறார்கள். தப்பா? தடவிவிட்டு மறுபடி எழுதலாம். பைசா செலவில்லை. திரும்பி வந்து தன் ஆசிரியர்களிடம் இதையே செய்யச் சொன்னார். அவர்கள் மசியவில்லை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். தலைமை ஒரு நல்ல யோசனையோட வருது, ஸ்டாஃப் ரூம் கேட்கலை. அப்போ என்ன பண்ணுவீங்க? ஜான் ஃப்ரிஸ்கன் என்ற, சுமார் 8 வயசுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளின் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார் பெல். எழுத்து வந்தது. பிறகு மற்ற வகுப்புகளும் பையன்கள் கைக்கே போயின. தப்பு செய்தவர் பேர் கறுப்பு நோட்டில் ஏறும். பையன்களே ஜூரியாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். (என் போர்டு வேலை ஞாபகம் வருது.)

நம்ம திண்ணையில் இப்படிப்பட்ட பையனுக்குப் பேர் சட்டாம்பிள்ளை. ஊரறிந்த வழக்கம்தான். பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கல்லறை இருக்கு. அந்தத் திண்ணை வாத்தியார் பேரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பெல் 1796-ல் ஊர் திரும்பி, அடுத்த வருஷம் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே பேர் வந்தது. ஜோசப் லங்காஸ்டரும் இதே மாதிரி ஒன்றை நடத்தினார். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஒரு ஆசிரியர், மீதியெல்லாம் மானிட்டர்கள்.

எழும்பூரில் பெல் தானே கூடவே நின்றார். முறை கப்பலேறியது, அவர் எல்லாப் பள்ளியிலும் நிற்க முடியுமா? மலிவு மட்டும் மிஞ்சியது. ஆசிரியர்களை மாற்ற முடியாமல் ஒதுக்கி வைத்த ஒருவரிடமிருந்து, ஆசிரியர்களே அதிகம் தேவையில்லை என்ற பாடத்தை இங்கிலாந்து எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். புரிந்ததா என்று கேட்க மானிட்டருக்கே தெரியாது.

1846-ல்தான் அங்கே அரசு வேறு வழிக்கு வந்தது. உதவித்தொகை கொடுத்து, தலைமை ஆசிரியரிடம் 5 வருஷம் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை நியமித்தார்கள். சேர்வதற்குக் குறைந்தது 13 வயசாவது ஆகியிருக்கணும்.