செயற்கைக் கையைக் குலுக்கினால் ஏன் திக்குனு இருக்கு? சிகிச்சை ரோபோக்களின் கதை

1/
பக்கவாதத்துல மாத்திரை அடுத்த அட்டாக்கைத் தடுக்கும். ஆனா விழுந்த கையைத் திரும்பத் தூக்க வைக்கிறது பயிற்சிதான். அதுவும் நாலு தடவை, அஞ்சு தடவை இல்லை. நூத்துக்கணக்கான தடவை.

பக்கத்துல நின்னு "இன்னொரு தடவை தூக்குங்கம்மா"னு சொல்ல ஒரு ஆள் வேணும். எங்க வார்டுல ஆள் பத்தாது. அந்த இடத்துல ஒரு ரோபோவை நிறுத்தினா நோயாளி ஏத்துக்குவாரா? இந்தக் கேள்விக்கு 50 வயசுக்கு மேல ஆகுது. அந்தக் கதைதான் இது.

2/
வருடம் 1970. டோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மசாஹிரோ மோரி, 'எனர்ஜி' என்ற ஜப்பானிய இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்.

இயந்திரம் மனிதச் சாயலுக்கு நெருங்க நெருங்க, அதன் மேல் நமக்குப் பிரியம் கூடும். ஆனால் "கிட்டத்தட்ட மனுஷன்" என்ற இடம் வந்ததும் அந்தப் பிரியம் சட்டென்று விழுந்து ஒருவித திகிலாகிவிடும். அந்தப் பள்ளத்துக்கு அவர் வைத்த பேர் 'புகிமி நோ தானி'. நம்ம பாஷையில் திகில் பள்ளத்தாக்கு.

3/
சினிமா பொம்மைகளைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தப் பேர் இப்போ அடிக்கடி வருது. ஆனா மோரி எடுத்துக்கொண்ட முக்கிய உதாரணம் எங்க துறையைச் சேர்ந்தது: கையை இழந்தவர்களுக்கான செயற்கைக் கை.

நகம், நரம்பு, ரேகை எல்லாம் அச்சு அசல். பார்த்தா நிஜக் கைன்னே தோணும். குலுக்கினா ஜில்லுனு, எலும்பே இல்லாத மாதிரி இருக்கும். அந்த நொடியில் மனசு பின்வாங்கிடும். அந்தக் கை அசையவும் ஆரம்பிச்சா திகில் இன்னும் கூடும் என்றார்.

தீர்வையும் அவரே காட்டினார். புத்தர் சிலை செதுக்கும் ஒரு கலைஞர் செய்த மரக் கை. ரேகை இல்லை, மரத்தின் நிறம் அப்படியே தெரியும். ஆனா அழகா இருந்தது, யாரையும் பயமுறுத்தலை.

4/
அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன், ஹெர்மானோ கிரெப்ஸ் குழு உருவாக்கியது 'எம்.ஐ.டி. மேனஸ்'. 1990களில் பக்கவாத நோயாளிகளிடம் பயன்படுத்தினார்கள். அதுக்கு முகமே கிடையாது. ஒரு இயந்திரக் கரம் நோயாளியின் கையைத் தாங்கி மேசை மேல் நகர்த்தும். எதிரே திரையில் ஒரு விளையாட்டு. தானா அசைக்க முடிஞ்சா விட்டுக்கொடுக்கும், முடியலைன்னா உதவும்.

5/
2000களில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாயா மட்டாரிச் வேறு வழியில் போனார். அவருடைய ரோபோ நோயாளியைத் தொடவே தொடாது. பக்கத்தில் நின்று பேசி ஊக்கப்படுத்தும், அவ்வளவுதான்.

2008-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. கலகலப்பான சுபாவம் உள்ளவங்க, "இவ்வளவுதானா? இன்னும் முடியும்"னு சவால் விடுற ரோபோவை விரும்பினாங்க. கூச்ச சுபாவம் உள்ளவங்க, "கஷ்டம்தான், மெதுவா பண்ணலாம்"னு தட்டிக்கொடுக்கிற ரோபோவை விரும்பினாங்க.

வார்டுல இதைத்தான் தினமும் பார்க்கிறேன். அதட்டினா எழுந்து நடக்கிற தாத்தாவும் உண்டு, அதட்டினா போர்வையை இழுத்து மூடிக்கிற பாட்டியும் உண்டு.

6/
2009. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் நோயாளியைக் கட்டிலிலிருந்து இரண்டு கையால் தூக்கும் 'ரீபா' ரோபோவைக் காட்டியது. 61 கிலோ வரை தூக்கும். முகம் என்ன தெரியுமா? கரடி பொம்மை! உடம்பைத் தூக்கும் அளவுக்கு நெருங்கி வரும் இயந்திரத்துக்கு மனித முகம் வைக்கவில்லை. மோரியின் மரக் கை ஞாபகம் வருதா?

7/
இந்தக் கதையில் எனக்குத் தெரியும் பாடம் இதுதான்: மனுஷன் மாதிரி தோல் இருப்பதை விட, மனுஷனைப் புரிந்து பேசுவதுதான் நோயாளிக்கு முக்கியம். உருவம் பெருசா வாக்குக் கொடுத்துட்டு, தொட்டதும் ஜில்லுனு இருந்தா நம்பிக்கை போயிடும். நம்பிக்கை போனா பயிற்சி நிக்கும். பயிற்சி நின்னா அந்தக் கை மடங்கினபடியே இறுகிடும்.

ரோபோ நம்ம ஊர் வார்டுக்கு வரும்போது வரட்டும். அதுவரை அந்த வேலையை வீட்டுல இருக்கிறவங்க செய்யலாம் மக்களே. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அப்பாவோ அம்மாவோ செய்யும்போது, போனைக் கீழே வெச்சிட்டு பக்கத்துல உட்காருங்க. ஒன்னு, ரெண்டுன்னு எண்ணுங்க. அதட்டணுமா, தட்டிக்கொடுக்கணுமாங்கிறது எங்களை விட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.