திரும்பிப் போகும் மின்சாரத்துக்கு ஒரு தகடு

காட்டரி மெஷின் என்றால் தியேட்டரில் எல்லோர் கண்ணும் பென்சில் மேல்தான். சர்ஜன் கையில் இருப்பது அது. சதையை வெட்டுவதும் ரத்தத்தை நிறுத்துவதும் அது. ஆனால் அந்தப் பென்சில் வழியாக உடம்புக்குள் இறங்கும் மின்சாரம் மறுபடி மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கென்று நோயாளியின் தொடையிலோ பிட்டத்திலோ ஒரு தகடு இருக்கும். பேஷண்ட் பிளேட் என்போம். பழைய ஆட்களுக்கு அது எர்த் பிளேட். மதுரைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்த என் காலத்தில், பென்சிலைவிட அந்தத் தகட்டைச் சோதிப்பதில்தான் நான் அதிகம் கவனம் வைத்தேன். அது சரியில்லாமல் போனால் வேகிறவர் மயக்கத்தில் கிடக்கிறவர். சுடுகிறது என்று காலை இழுத்துக்கொள்ளக்கூட அவரால் முடியாது.

சுட்டது அப்போது யாருக்கும் தெரியாது. மறுநாள் வார்டில் விரிப்பு மாற்றும்போது தெரியும். தகட்டு விளிம்பு இருந்த அதே கோட்டில் ஒரு புண். ஓரம் வெளுத்து, நடுப்பகுதி கருத்து, விரலால் தொட்டால் பதனிட்ட தோல் போலக் கெட்டியாக இருக்கும். மேலே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு வரை வெந்திருக்கும். படுக்கைப் புண்ணா, தோலைத் துடைத்த மருந்து தேங்கிப் பொத்ததா என்று முதலில் குழப்பம் வரும். பித்தப்பைக்காக வந்தவர் பிட்டத்துப் புண்ணோடு கூடுதலாகப் பல நாள் படுத்திருப்பார். சிலருக்குத் தோல் ஒட்ட வேண்டி வரும். பழி பெரும்பாலும் தகடு வைத்த நர்ஸ் தலையில் விழும். அந்தப் பழி எவ்வளவு அநியாயமானது என்று இந்தத் தகட்டின் வரலாறே சொல்லும்.

தொடக்கம் பாரிஸில். 1891 வாக்கில் தார்சொன்வால் என்ற உடலியல் விஞ்ஞானி, விநாடிக்கு பத்தாயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் தசையைத் துடிக்க வைப்பதில்லை என்று காட்டினார். உடம்பு வழியாக அதைச் செலுத்தி விளக்கையே எரிய வைத்தார். உடம்புக்குத் தெரிந்தது வெதுவெதுப்பு மட்டும். 1900-ல் அதே ஊரில் ரிவியேர் என்ற மருத்துவர் இந்த மின்சாரத்தின் பொறியால் ஒரு கைப்புண்ணுக்குச் சிகிச்சை செய்தார். 1907-ல் போஸி புற்றுநோய்க் கட்டிகளின் மேல் நீளமான பொறியைப் பாய்ச்சினார். இவர்கள் காலத்தில் பொறி தோலின் மேலேயே எரித்துவிட்டுப் போய்விடும். துவாயேன் என்ற சர்ஜன்தான் 1909-ல் இரண்டாவது மின்முனை ஒன்றை நோயாளி உடம்பில் படும்படி வைத்து, மெஷினோடு இணைத்தார். மின்சாரம் திரும்பிப் போக வழி கிடைத்ததும் சூடு ஆழமாக இறங்கியது. இன்றைய பேஷண்ட் பிளேட்டின் மூதாதை அதுதான்.

ஒரே மின்சாரம் பென்சில் முனையில் வெட்டுகிறது, தகட்டில் ஒன்றும் செய்யாமல் போகிறது. எப்படி? கண்மாய் நிறையப் பரந்து அசையாமல் கிடக்கும் தண்ணீர் மடை வாயில் சீறுகிற மாதிரிதான். பென்சில் முனை சில சதுர மில்லிமீட்டர். தகடு நூறு சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே எத்தனை மின்சாரம் போகிறதோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறும். ஆகவே தகடு பாதி உரிந்து பாதிப் பரப்பு மிஞ்சினால், மிஞ்சிய இடத்தில் சூடு இரண்டு மடங்கு என்று நினைக்கக் கூடாது, நாலு மடங்கு. கால்வாசி மிஞ்சினால் பதினாறு மடங்கு. புதிதாக வரும் டெக்னீஷியன் பையன்களிடம் நான் முதலில் போடச் சொன்ன கணக்கு இது.

1926 அக்டோபர் 1-ம் தேதி, பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரி. மூளை அறுவையின் முன்னோடி ஹார்வி குஷிங், சில நாள் முன்பு ரத்தப்போக்கு தாங்காமல் பாதியில் நிறுத்திய ஒரு தலைக்கட்டியை, வில்லியம் போவியின் மெஷினை வைத்து எடுத்து முடித்தார். போவி தாவர உடலியல் படித்தவர், ஹார்வர்டில் புற்றுநோய் ஆய்வில் இருந்தவர். காப்புரிமையை ஒரு டாலருக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். மெஷின் உலகெங்கும் பரவி, அவர் பெயரே அமெரிக்கத் தியேட்டர்களில் அதற்குப் பெயரானது. அந்த ஆரம்ப நாட்களிலேயே ஒரு முறை மின்சாரம் உலோக ரிட்ராக்டருக்குத் தாவி, குஷிங்கின் கை வழியாக ஏறி, அவர் நெற்றியில் மாட்டியிருந்த விளக்கு வழியாகப் போனதாகப் பதிவு உண்டு. திரும்பிப் போக எளிய வழி எது கிடைத்தாலும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்பதை அன்றே கண்டிருக்கிறார்கள்.

இருந்தும் அடுத்த நாற்பது வருஷம் தகட்டை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஈயத் தகட்டை உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி நோயாளிக்கு அடியில் செருகுவார்கள்; நீண்ட ஆபரேஷனில் துணி காய்ந்துவிடும். பிறகு எவர்சில்வர் தகடு வந்தது, மேலே ஜெல்லி தடவ வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கம் இன்னும் அதுதான். தியேட்டர் இன்-சார்ஜ் சிஸ்டர் ஒருவர் ஒவ்வொரு கேஸுக்கும் முன்னால், "தம்பி, பிளேட்ல ஜெல்லி ஓரம் வரைக்கும் போயிருக்கா, பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் துணி போர்த்த விடுவார். கேஸ் நடுவில் சர்ஜன் "வெட்டலையே, இன்னும் கொஞ்சம் கூட்டு" என்றால், "கூட்டுறதுக்கு முன்னாடி பிளேட்டைப் பாருங்க சார்" என்பார். மெஷினில் ஒரு அலாரமும் இல்லாத காலத்தில், வழக்கமான அளவில் வெட்டு விழவில்லை என்பதுதான் தகடு நழுவியதற்கு ஒரே அறிகுறி. அதை அவர் தாமாகவே கற்றிருந்தார்.

அந்த மெஷின்களில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. அவற்றின் சுற்று பூமியோடு இணைந்தது. பூமியைத் தொடும் எதுவும் அவற்றுக்குத் தகடுதான்: மேசையின் இரும்பு விளிம்பில் பட்ட முழங்கை, டிரிப் ஸ்டாண்டில் உரசிய கால், இசிஜிக்கு ஒட்டிய மின்முனை. அந்நாளில் இசிஜிக்குத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி செருகுவதும் உண்டு. பெரிய தகட்டின் கம்பி அறுந்திருந்தால் அந்த ஊசி வழியாக மின்சாரம் திரும்பும். ஊசி முனையின் பரப்பு எவ்வளவு? மார்பில் தீப்புண் வந்தது. பெக்கர், மல்ஹோத்ரா, ஹெட்லி-வைட் ஆகியோர் இந்த மின்சாரம் உடம்பில் எப்படிப் பிரிந்து போகிறது, எப்படிச் சுடுகிறது என்று ஆராய்ந்து 1973-ல் எழுதினார்கள். அதற்குள், 1960-களின் கடைசியில், பூமியிலிருந்து பிரித்த சுற்றுள்ள டிரான்சிஸ்டர் மெஷின்கள் வர ஆரம்பித்திருந்தன. அவற்றில் மின்சாரம் தன் தகட்டைத்தான் தேடும். தகடு முழுக்கக் கழன்றால் சுற்றே அறுந்து நின்றுவிடும். மாற்று வழிப் புண்கள் குறைந்தன.

தகட்டடியில் வரும் புண் மட்டும் நின்றபாடில்லை. கம்பியைக் காவல் காக்க ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்: மெஷினிலிருந்து தகடு வரை போகும் கம்பி அறுந்தால் மணி அடிக்கும். அதை நான் எப்போதும் வெறுத்தேன். கம்பி முழுசாக இருக்கும், தகடு நோயாளி உடம்பிலிருந்து நழுவி மேசையில் கிடக்கும், மெஷின் பச்சை விளக்குக் காட்டும். சிஸ்டரைக் கவலை விட்டு இருக்கச் சொல்லும் பொய்யான தைரியம் அது. கம்பிக்கும் தகட்டுக்கும் இருக்கும் தொடர்பில் நோயாளிக்கு ஒரு லாபமும் இல்லை. தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

எத்தனை சூடு வரை தோல் தாங்கும்? பதில் முன்பே இருந்தது. 1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் இருவரும் பன்றித் தோலிலும், ஒப்புக்கொண்டு வந்த மனிதர்கள் தோலிலும் சோதித்தார்கள். 44 டிகிரியில் தோல் வெந்துபோக ஆறு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. 60 டிகிரியில் சில விநாடி போதும். பின்னாளில் அமெரிக்கத் தர விதியும் ஐஇசி 60601-2-2 என்ற பன்னாட்டு விதியும் தகட்டுக்கு ஒரு பரீட்சை வைத்தன: பெரியவர்களுக்கான தகட்டில் 700 மில்லி ஆம்பியரை 60 விநாடி செலுத்தினால், அடியில் எந்த இடத்திலும் சூடு 6 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. சாதாரணத் தோல் 33, 34 டிகிரி. ஆறு கூட்டினாலும் 44-க்கு வெகு கீழே.

விளிம்புப் புண்ணின் ரகசியத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வைலி, வெப்ஸ்டர் இருவரும் 1982-ல் கணக்காக அவிழ்த்தார்கள். வட்டத் தகட்டில் மின்சாரம் சீராகப் பரவுவதில்லை. மையத்தில் சராசரியில் பாதிதான். விளிம்பை நெருங்க நெருங்க அடர்த்தி கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. நோயாளி தோலில் நான் கண்ட அந்தக் கோட்டுக்குக் காரணம் சிஸ்டரின் கை இல்லை, தகட்டின் வடிவம். தகட்டை வளையங்களாகப் பிரித்து, ஓர வளையத்துக்குக் கூடுதல் மின்தடை கொடுத்தால் சூடு பரவும் என்று வழியும் சொன்னார்கள். நீள்சதுரத் தகட்டின் நீண்ட விளிம்பை ஆபரேஷன் நடக்கும் பக்கமாக வைக்கச் சொல்வதும் இதனால்தான். மின்சாரம் முதலில் வந்து சேரும் விளிம்பு நீளமாக இருக்கட்டும் என்று.

என் பார்வையில் பெரிய மாற்றம் 1981-ல் வந்தது. அமெரிக்காவின் போல்டர் நகரத்து வேலிலேப் கம்பெனி, தகட்டை நடுவே பிளந்து இரண்டாக்கியது. ஒட்டும் ஜெல்லில் பதித்த இரு தனித்தனி உலோகத் தாள், நடுவில் சின்ன இடைவெளி. ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு, நோயாளியின் தோல் வழியாகவே, மெஷின் ஒரு சிறு மின்சாரத்தை ஓயாமல் அனுப்பி மின்தடையை அளக்கும். 5 ஓமுக்குக் கீழே போனால் இரு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. 135-க்கு மேலே போனால் தகடு உரிகிறது. இடையில் இருந்தாலும், தொடக்க அளவிலிருந்து 40 சதவீதம் ஏறினால் மணி அடித்து மெஷின் நின்றுவிடும். தோலைப் பார்க்கும் வேலையை மெஷின் ஏற்றுக்கொண்டது. அந்தச் சிஸ்டர் வருஷக்கணக்காகக் கண்ணாலும் காதாலும் செய்ததை அது விநாடி தவறாமல் செய்கிறது. பின்னால் மேசை முழுக்க விரிக்கும் பெரிய மெத்தைத் தகடுகளும் வந்தன. தோலில் ஒட்டாமல், படுத்திருக்கும் உடம்பின் பரப்பு முழுவதையும் பயன்படுத்துபவை.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் பக்கம் சில தியேட்டர்களில் புது மெஷினோடு பிளக்காத ஒற்றைத் தகடு மாட்டியிருப்பதைப் பார்க்கிறேன். தகடு ஒற்றை என்று தெரிந்ததும் மெஷின் கம்பியை மட்டும் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்துவிடும். ஒரு முறை ஒட்டி உரித்த இரட்டைத் தகட்டை, ஜெல் காய்ந்த பிறகும் பிளாஸ்திரி போட்டு அடுத்த ஆளுக்கு ஒட்டுவதும் நடக்கிறது. மணி அடித்தால் சலைன் தெளித்து அமைதிப்படுத்துகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், சிஸ்டர். உரித்து எடுத்து, மயிரை நீக்கி, தோலைத் துடைத்து உலர்த்தி, எலும்பு துருத்தாத சதைப்பிடிப்பான இடத்தில் புதிதாக ஒன்றை ஒட்டுங்கள். அதுவரை சர்ஜன் காத்திருக்கட்டும்.