சீட்டும் துண்டும்

சிங்களத்தில் ‘சீட்டுவ’ என்றொரு சொல் உண்டு. அகராதியைப் புரட்ட வேண்டாம், நம் சீட்டுத்தான். கண்டிச் சந்தையில் காய்கறி விற்பவரும் திகனையில் தையல் மெஷின் மிதிப்பவரும் எந்த மொழி பேசினாலும் மாதம் பிறந்தால் சீட்டுக் காசு எடுத்து வைக்கிறார்கள். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். யார் பேர் விழுகிறதோ அவருக்கு 50,000. குலுக்கல் சீட்டில் வட்டி இல்லை, பிணை இல்லை, படிவம் இல்லை. பிடிக்கிறவர்மேல் உள்ள நம்பிக்கை ஒன்றுதான் மூலதனம். அந்த ஆள் காசோடு கம்பி நீட்டிய கதையும் ஊருக்கு ஊர் உண்டு.

சீட்டு என்றால் முதலில் எழுதிய நறுக்குத்தான். ஓலையில் எழுதிய காலத்திலும் சீட்டு, தாளுக்கு மாறிய பிறகும் சீட்டு. புலவர்கள் உதவி கேட்டு எழுதியனுப்பிய பாட்டுக்குச் சீட்டுக்கவி என்று பெயர். இலங்கையில் காசு வாங்கியதற்குக் கொடுப்பது பற்றுச்சீட்டு. பெயர் எழுதிச் சுருட்டி, குலுக்கி எடுக்கிற நறுக்கின் பெயர் அதில் விழும் பணத்துக்கு ஏறி, பிறகு அந்த ஏற்பாட்டுக்கே நின்றுவிட்டது.

சட்டப் புத்தகத்துக்குள்ளும் அது நுழைந்தது. இலங்கையில் 1935ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே ‘சீட்டுஸ்’ தான். தமிழ்ச் சொல்லின் வாலில் ஆங்கிலப் பன்மையை ஒட்டிவிட்டார்கள். இந்தியா 1982இல் இதே தொழிலுக்குச் சட்டம் போட்டபோது ‘சிட்’ என்றது. அது இந்திச் ‘சிட்டி’ ஆங்கிலத்துக்குள் போய்த் திரும்பி வந்த வடிவம். கொழும்பில் சட்டம் எழுதியவர்களுக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த கண்டிச் சீமையில் இன்னொரு நறுக்கும் இருந்தது. அதன் பெயர் துண்டு. இதுவும் ஆங்கிலேயர் ஆவணங்களில் ‘துண்டு’ என்றே ஏறியிருக்கிறது. கூலியாட்களைத் திரட்டி மேய்த்த கங்காணி தன் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பழைய துரை ஒரு துண்டு எழுதுவார்: இந்த ஆட்கள்மேல் இவ்வளவு ரூபாய் கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் விடுகிறேன். புதுத் துரை கட்டுவார். கட்டியது அந்த ஆட்கள் கணக்கில் ஏறும். ஆள் கிடைக்காத காலத்தில் துண்டைக் காட்டிக் கங்காணி கூடுதலாகவே முற்பணம் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் அதே கணக்கில். கப்பல் கூலியில் தொடங்கிய கடன், அரிசிக்கும் கம்பளிக்கும் வளர்ந்து, கடனாளியின் கையில் ஒரு சதம் வராமலே தோட்டம் மாறும்போதெல்லாம் பெருத்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து கொழுந்து பறித்தவளுக்குத் தன் பெயரில் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியாது. துண்டில் இருந்தது கங்காணியின் மொத்தக் கணக்கு. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள். யாழ்ப்பாணத்தில் டாக்டர் எழுதித் தருவதை மருந்துத் துண்டு என்கிறபோது அந்தச் சொல்லுக்கு ஒரு குற்றமும் இல்லை. மலையில் அதற்கு வந்த பொருள் வேறு.

துண்டின் கடன் ஏழையைக் கட்டிப்போட்டது. ஆனால் ஏழைக்குச் சிறு கடன் கொடுத்தால் வறுமை குறையுமா என்றும் உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். 1976இல் வங்காளதேசக் கிராமத்தில் முகமது யூனுஸ் தொடங்கியதிலிருந்துதான் பெரும்பாலும் கதையை ஆரம்பிப்பார்கள். கண்டிக்காரர் 1906இலிருந்து ஆரம்பிக்கலாம். இலங்கையின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் அந்த ஆண்டு தும்பறைப் பகுதியில் தெல்தெனியவில் உருவானது. பழைய தெல்தெனிய நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில். பிற்பாடு சோர்ந்து கிடந்த இவ்வகைச் சங்கங்களை 1978இலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய தட்டியெழுப்பினார். அவற்றின் பெயர் சணச. சகசுருவம், ணய, சமிதி, அதாவது சிக்கனம், கடன், சங்கம் என்ற மூன்று சிங்களச் சொற்களின் தலையெழுத்து. அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். வட்டி சங்கத்துக்குள்ளேயே சுற்றுகிறது. சீட்டும் இப்படித்தான், பணம் கட்டுகிறவர்களுடையது.

இப்போது தோட்டத்து லயங்களின் இஸ்தோப்பில் நடப்பது வேறு. மோட்டார் சைக்கிளில் வருகிற கம்பனிப் பொடியனுக்காகக் கிழமைக்கொரு நாள் பெண்கள் கூடுகிறார்கள். ஏட்டில் நுண்நிதி, இவர்கள் வாயில் குரூப் லோன், இல்லாவிட்டால் கிழமைக் காசு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டு நிரப்ப வேண்டும். பசு வாங்கிப் பால் விற்றவர்கள், கடை போட்டவர்கள் இல்லாமல் இல்லை. வருமானம் தருகிற வேலைக்குப் போன கடன் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். ஆனால் கலியாணத்துக்கும் பிள்ளையின் டியூசனுக்கும் போன கடனை இன்னொரு கம்பனியின் கடன்தான் கட்டுகிறது. 2018இல் வந்த ஐ.நா. நிபுணர் போஹோஸ்லாவ்ஸ்கி, சில இடங்களில் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை ஏறுவதைச் சுட்டிக்காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2016இல், நுண்நிதிக்கென்று தனிச் சட்டம் வந்திருந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தது இந்தக் கடனுக்கு எதிராகத்தான்.

என் கணிப்பில் குரூப் லோன் சீட்டின் தங்கச்சியும் அல்ல, சணசவின் மகளும் அல்ல. பல இடங்களில் துண்டின் பேத்தி. குழு என்ற வடிவத்தை மட்டும் சீட்டிடமிருந்து எடுத்துக்கொண்டது. கிழமைக் காசு கட்ட இந்த மாதச் சீட்டைத் தனக்கு முதலில் தரும்படி பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சுகிறவளுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.