மலைப்பாதையில் ஒரு சிறு பல்பு

திருத்தணி மலைப்பாதையில் ஏறிய பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று வளைவில் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பிடிக்கவில்லை. மெக்கானிக் ஒரு சிறு பல்பின் ஒரு கம்பியை எஞ்சின் உடலிலும், மற்றதை இக்னிஷன் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையிலும் வைத்தார். எஞ்சினைச் சுழற்றியபோதும் பல்பு விடாமல் எரிந்தது. "பாயிண்ட் ஒட்டல சார்" என்றார். எமரித் தாளால் தேய்த்ததும் வண்டி கிளம்பிற்று. இயற்பியல் ஆசிரியனான எனக்குச் சற்று வெட்கந்தான்!

1831-இல் மின்தூண்டலைக் கண்டவர் ஃபாரடே. 1836-இல் அயர்லாந்துப் பாதிரியார் நிக்கலஸ் காலன், தடித்த கம்பிச் சுருளோடு பல சுற்று மெல்லிய கம்பியைச் சேர்த்து, மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்து உயர்மின்னழுத்தம் பெற்றார். கவனியுங்கள்: இணைக்கும்போதல்ல, துண்டிக்கும்போதே பெரும்பொறி. 1910-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த முறையும் இதுவே. 12 வோல்ட் பாட்டரி, பிளக்கில் பல்லாயிரம் வோல்ட் தருகிறது. 1961-இல் நிறுவப்பட்ட சென்னை பாடியின் லூகாஸ் டி.வி.எஸ். ஆலை இத்தகைய மின்கருவிகளை நம் நாட்டிலேயே செய்தது.

பாயிண்ட் மூடினால் மின்னோட்டம் அதன் வழியே போகும், பல்பு அணையும். திறந்தால் எரியும். ஆகவே எஞ்சின் சுழலும்போது பல்பு மினுக்க வேண்டும். எரியவே இல்லையா? காயிலுக்கு மின்சாரம் வரவில்லை. அல்லது பாயிண்ட் திறக்கவில்லை. மின்தேக்கி உள்ளே குறுக்கிணைந்திருந்தாலும் இப்படியே.

இன்று பாயிண்டின் இடத்தில் டிரான்சிஸ்டர். கோளாறு நேர்ந்தால் காரின் கணிப்பொறி 'பி0351' போன்ற குறியீட்டைப் பதிகிறது. அங்கே மட்டும் அந்தப் பழைய பல்பை வைத்துவிடாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டம் கணிப்பொறியையே கெடுத்துவிடக்கூடும்.