வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்: கொழும்புத் தமிழரின் அன்றாட வழக்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இரு மக்கட் கூட்டத்தினரின் அன்றாடப் பழக்கங்களை ஒப்புநோக்கி எழுந்த நூல்களுள் உலகில் பெரிதும் பேசப்பட்டது, அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பெனடிக்ற் யப்பானியர் பற்றி 1946இல் வெளியிட்ட நூலாகும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல் அமெரிக்க அரசின் வேண்டுகோளின்பேரில் ஆய்வைத் தொடங்கிய அவர், யப்பானுக்குச் சென்றவரல்லர். அமெரிக்காவில் வாழ்ந்த யப்பானியரிடம் கேட்டறிந்தவற்றையும், நூல்களையும், திரைப்படங்களையுமே அவர் சான்றாகக் கொண்டார். அமெரிக்கர் அறிமுகமான சிறுபொழுதிலேயே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பர். யப்பானியரோ குடும்பப் பெயரோடு மதிப்பொட்டையும் சேர்த்தன்றி அழையார். இத்தகைய சிறு வழக்குகளின் பின்னே கடமை, நன்றி, நாணம் முதலிய பெருங்கருத்துகள் மறைந்துள்ளன என்று காட்டியமை அந்நூலின் சிறப்பாகும். ஒரு குறிப்பிட்ட காலத்திற்கும் வர்க்கத்திற்கும் உரிய இயல்புகளை ஓர் இனத்தின் மாறாக் குணமாகக் காட்டிவிட்டது என்பது அதன்மீது பின்னர் எழுந்த கண்டனமாகும்.

இச்சிறப்பையும் கண்டனத்தையும் ஒருங்கே மனத்திற்கொண்டு நமது தலைநகரை நோக்குவது பயனுடைத்து. கொழும்பில், ஒரே மொழியைப் பேசி, பெரும்பாலும் ஒரே தெய்வங்களை வணங்கி, சில மைல் இடைவெளியில் வாழ்ந்த இரு தமிழ்ச் சமூகத்தினர் ஒருவரையொருவர் அந்நியராகவே கருதிய காலம் நீண்டதாகும். வெள்ளவத்தை என்றால் யாழ்ப்பாணத்தார் என்றும், கொட்டாஞ்சேனை என்றால் இந்திய வம்சாவளியினர் என்றும் பொதுவில் எண்ணப்பட்டது. இவ்விரு சாராரின் அன்றாட வேறுபாடுகள் எவை, அவை எவ்வாறு தோன்றின, அவற்றைக் குணபேதம் என்று கொண்டமையால் விளைந்தது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு குடியிருப்புகளின் தோற்றம்

முதற்கண் தெளிவுபடுத்தவேண்டியது, இப்பிரிவினை மிகப் பழமையானதன்று என்பதாகும். மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பலம் குடும்பத்தின் வரலாறே இதற்குச் சான்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1851இல் பிறந்தது, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வாணிகத்தால் பெயர்பெற்ற செட்டியார் தெருவில் அமைந்திருந்த தமது தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்திலேயாகும். அவருடைய தந்தையார் பொன்னம்பல முதலியார் சிவாலயம் எழுப்பியதும் கொட்டாஞ்சேனையிலேதான். அதனைப் பின்னர் கருங்கற் கோயிலாக்கியவர் இராமநாதனே. ஆகவே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சைவப் பிரமுகரும் இந்திய வணிகரும் வடகொழும்பில் அயலவராகவே வாழ்ந்தனர் எனலாம்.

இந்நிலையை மாற்றியவை துறைமுகமும் புகையிரதமுமாகும். 1870களிலும் 1880களிலும் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி கட்டப்பட்டதைத் தொடர்ந்து வடகொழும்பு துறைமுகத் தொழிலாளரும், சரக்கு சுமக்கும் நாட்டாமைகளும், மொத்த வணிகரும் செறிந்து வாழும் பகுதியாயிற்று. இவர்களுட் பலர் இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து தூத்துக்குடிக் கப்பலிலும், 1914இன் பின்னர் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலிலும் வந்தவர்கள். தூத்துக்குடிக் கரையோரத்துப் பரதகுலக் கத்தோலிக்கரும் இப்பகுதியின் பழங்குடிகளுள் அடங்குவர்.

யாழ்ப்பாணத்தாரை அழைத்துவந்த பாதை வேறு. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரும் பிற சபையாரும் நிறுவிய பாடசாலைகளில் ஆங்கிலம் பயின்ற இளைஞர் அரசாங்க எழுதுவினைஞராயினர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றதும் இவ்வரவு பெருகிற்று. கரையோரப் புகையிரதத்தில் ஏறிக் கோட்டைக் கந்தோருக்குச் சென்று மீள்வதற்கு வசதியான வெள்ளவத்தை இவர்களது இருப்பிடமாயிற்று. அங்கும் வேறு சமூகத்தினர் இல்லாமலில்லை. 1933இன் வேலைநிறுத்தத்தால் புகழ்பெற்ற வெள்ளவத்தை நெசவாலையின் தொழிலாளருள் மலையாளிகள் பெருந்தொகையினராயிருந்தனர். எனினும், மாதச் சம்பளக்காரரின் வெள்ளவத்தை, கடைக்கணக்கின் கொட்டாஞ்சேனை என்னும் இரு உலகங்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்றுவிட்டன.

அன்றாட வழக்குகள்

பேச்சே முதல் வேலியாகும். ஒருவர் 'ஓம்' என்பார்; மற்றவர் 'ஆமா' என்பார். ஒருவர் 'கதைப்பார்', மற்றவர் 'பேசுவார்'. யாழ்ப்பாணத்தாருக்குப் 'பேசுதல்' என்பது ஏசுதல் என்ற பொருளையும் தருமாதலால், 'முதலாளி என்னோடு பேசினார்' என்று கடைச் சிற்றூழியர் மகிழ்வோடு கூறுவதை அவர் வருத்தச் செய்தியாகக் கொள்ளவும் இடமுண்டு. முன்னிலை விளிப்பில் இவ்வேறுபாடு மேலும் நுட்பமானது. யாழ்ப்பாண வழக்கில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகள் உள்ளன. இவற்றுள் 'நீர்' என்பது ஒத்தாரிடையே வழங்கும் நடுநிலை மதிப்பு. 'நீங்க' என்று அழைக்கப்பட்டுப் பழகிய இந்திய வம்சாவளியினர் பலருக்கு அச்சொல் அதிகாரத்தின் குரலாகவே கேட்டது. உரைத்தவர் மதிப்பென எண்ணியதைக் கேட்டவர் அவமதிப்பென உணர்ந்தார். ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதும்பொழுதும் ஒருவர் 'ரிக்கற்' என்றும் மற்றவர் 'டிக்கெட்' என்றும் எழுதினர்.

உணவில், வறுத்துத் திரித்த தூளிட்ட கறி, தேங்காய்ப்பாற் சொதி, இரவுக்குப் பிட்டு அல்லது இடியப்பம், சம்பல் என்பன வெள்ளவத்தை வீடுகளின் வழமை. கொட்டாஞ்சேனையிலே சாம்பார், இரசம், காலையில் இட்டலி, தோசையுடன் சட்டினி. ஆயின், யாழ்ப்பாணத்தாரின் தனியுரிமையெனக் கருதப்படும் சொதி திருநெல்வேலிச் சைவக் குடும்பங்களின் திருமண விருந்திலும் இடம்பெறுவதாகும். வேறுபாட்டின் எல்லைக்கோடு பாக்குநீரிணையில்தான் உள்ளது என்று துணிந்து கூறுவதற்கில்லை.

பண்டிகைகளை நோக்கின், தைப்பொங்கல் இருவருக்கும் பொது. மருத்துநீரும் கைவிசேடமும் கொண்ட சித்திரை வருடப்பிறப்பும், கூழும் கொழுக்கட்டையும் கொண்ட ஆடிப்பிறப்பும் யாழ்ப்பாணத்தாருக்குச் சிறப்பானவை. தீபாவளிக்குப் புத்தாடையும் பலகாரமும் பெருமளவில் அமையப்பெற்றவர் இந்திய வம்சாவளியினர். மரணக் கிரியையில் ஒருவர் 31ஆம் நாள் அந்தியேட்டி செய்வர். மற்றவர் பொதுவாக 16ஆம் நாள் கருமாதி செய்வர். இருவீட்டாருக்கும் நண்பராயிருந்தவர் துக்கம் விசாரிக்கும் முறையையும் நாளையும் இருவகையாக அறிந்திருக்கவேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் ஆழமான வேறுபாடு குடும்ப அமைப்பிலே காணப்படுவது. தமிழ்நாட்டின் பல சமூகங்களில் தாய்மாமன் தன் தமக்கை மகளை மணப்பது வழக்கிலிருந்தது. யாழ்ப்பாணத்திலோ அம்மானும் மருமகளும் மணந்துகொள்ளும் வழக்கம் இல்லை. மச்சான், மச்சாள் உறவில் மணப்பதை இருவரும் ஏற்றனர். ஒருவருக்கு முறையான மணம் மற்றவருக்கு முகஞ்சுளிக்கவைக்கும் செயலாயிற்று. அவ்வாறே, யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே செல்ல, மணமகன் மனைவியின் வீட்டில் வாழ்வது இயல்பு. மருமகள் கணவன் வீடு புகுவதே முறை என்று எண்ணிய குடும்பங்களுக்கு இது 'வீட்டோடு மாப்பிள்ளை' என்னும் இழிவாகத் தோன்றிற்று.

இவ்விடத்துச் சட்டத்தின் பங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பெற்று, ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இல் சட்டவலுப் பெற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்தது. யாழ்ப்பாணத்துக்குரியவர் கொழும்பில் வாழினும் அச்சட்டம் அவரைத் தொடரும். அயல்வீட்டு இந்திய வம்சாவளியினரை அது சாராது. ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த இரு தமிழ்ப் பெண்களின் சொத்துரிமை வெவ்வேறு சட்டங்களின் பாற்பட்டதாயிருந்தது. பழக்கம் என்று நாம் கூறுவனவற்றுட் சில, முந்நூறு ஆண்டுகளாகச் சட்டத்தால் காக்கப்பட்டு வந்தவை என்பது இதனாற் பெறப்படும்.

தொழிலும் பழக்கத்தை வகுத்தது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெற்ற எழுதுவினைஞர் செலவைக் கணக்கிட்டு, மிச்சத்தை ஊரில் காணியாகவும் மகளின் சீதனமாகவும் ஆக்கினார். அவரைக் கஞ்சர் என்றனர். கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, நள்ளிரவு வரை உழைத்த கடைச் சிற்றூழியர் குடும்பத்தை இந்தியாவில் விட்டு வந்தவர். அவரை நாகரிகம் அறியாதவர் என்றனர். 'பனங்கொட்டை' என்றும் 'வடக்கத்தையான்' என்றும் வழங்கிய ஏளனப் பெயர்கள் இவ்வாறு எழுந்தனவே. ஆயின் இருவரும் 'ஊருக்குப் போகிறேன்' என்றபொழுது கொழும்பைக் குறிக்கவில்லை. இருவருமே உழைப்பதற்கு ஓரிடமும் உறவுக்கு ஓரிடமுமாக வாழ்ந்தனர். தம்முள் மிக ஒத்த இந்நிலையை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

வேறுபாடு பிரிவினையானமை

பழக்க வேறுபாடு தன்னளவில் தீங்கன்று. அது அரசியற் பிரிவாக மாற்றப்படும்பொழுதே தீங்காகிறது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்னும் தனித்தனி வகுப்புகள் இடம்பெற்றன. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை நீக்க அரசு முடிவெடுத்தபோது அது கொழும்புத் தொழிலாளரை நேரடியாகத் தாக்கிற்று. அவ்வாண்டு யூலையில் நேரு இங்கு வந்தமையும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியமையும் அதன் தொடர்ச்சியாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் மலையகத் தோட்டத் தொழிலாளரோடு கொட்டாஞ்சேனைக் கடைச் சிற்றூழியரையும் நாடற்றவராக்கின.

அன்று யாழ்ப்பாணத்துத் தலைமை பிளவுபட்டது. ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அரசாங்கத்திற் சேர்ந்தார், சா. ஜே. வே. செல்வநாயகம் முதலானோர் அதனை ஏற்காது பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். குடியுரிமைப் பிரச்சினை அப்பிளவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. எனினும் வெள்ளவத்தை வீடுகளிற் பலருக்கு அது 'வேறொருவரின் பிரச்சினை'யாகவே தோன்றிற்று எனின், அதற்குப் பேச்சிலும் உணவிலும் உறவுமுறையிலும் கண்ட அந்நியத்தன்மை பெரிதும் துணைபோயிற்று என்றே கருதவேண்டியுள்ளது. எட்டு ஆண்டுகள் செல்லுமுன், 1956இன் தனிச் சிங்களச் சட்டம் எழுதுவினைஞரின் கந்தோர்க் கதவைத் தட்டிற்று. 1958இலும், 1977இலும், 1983 யூலையிலும் கொழும்பில் தாக்கியோர், அகப்பட்டவர் சொதி உண்பவரா சாம்பார் உண்பவரா என்று வினவவில்லை. வெள்ளவத்தை வீடுகளும் வடகொழும்புக் கடைகளும் ஒருங்கே எரிந்தன.

சந்தித்த இடங்கள்

இவ்வரலாற்றின் மறுபுறத்தையும் கூறுதல் வேண்டும். செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கோயில்களை அடையும் ஆடிவேல் விழா, நகரின் இரு முனைகளையும் ஆண்டுதோறும் இணைத்தது. 1897இல் விவேகானந்தர் கொழும்பு வந்து சென்றபின், 1902இல் தோன்றிய விவேகானந்த சபையும், 1942இல் நிறுவப்பெற்று வெள்ளவத்தையில் நிலைகொண்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் பொது மேடைகளாயின. 1930இல் பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய வீரகேசரியில் தமிழ்நாட்டு எழுத்தாளர் வ. ரா.வும் ஆசிரியராகப் பணியாற்றினார். இந்திய வம்சாவளியினரின் தேவையிற் பிறந்த அப்பத்திரிகை காலப்போக்கில் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் காலைப் பத்திரிகையாயிற்று.

1990களில் வடக்கின் போரால் இடம்பெயர்ந்தோர் வெள்ளவத்தையிற் பெருகினர். சீதன வீடு தொடர்மாடிக் குடியிருப்பாக மாறியது. 1964ஆம், 1974ஆம் ஆண்டு உடன்படிக்கைகளுக்குப் பின்னரும் எஞ்சிய நாடற்றோருக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமை வழங்கின. கொட்டாஞ்சேனைச் சிறுவர் 'ஊர்' என்னும்போது இராமநாதபுரத்தை எண்ணுவதில்லை. நிபந்தனைகள் மாறப் பழக்கங்களும் மாறின. பெனடிக்ற்றின் நூலைக் கண்டித்தோர் சுட்டிய உண்மை இதுவே: பழக்கம் குணமன்று, அது மக்கள் உழைத்த முறையும், வந்த வழியும், அவர்களை ஆண்ட சட்டமும் இட்ட தடம்.

நமது பல்கலைக்கழகங்களிலே அரசர், போர், இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பலவாயுள. கொழும்புத் தமிழரின் அன்றாட வாழ்வு பற்றிய ஆய்வுகளோ மிகச் சில. செட்டியார் தெருக் கடைக் கணக்கேடுகளும், வெள்ளவத்தைக் குடும்பங்களின் சீதன உறுதிகளும், இருசாராரின் முதியோர் நினைவுகளும் இத்துறையின் மூலங்களாகும். அம்முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்துவருகின்றனர். ஒருவரையொருவர் அறியாதிருந்தமையின் விலையை நம் சமூகம் 1948இலும் அதன் பின்னரும் கொடுத்துவிட்டது. அவ்வறியாமையை ஆய்வுலகிலாயினும் தொடரவிடாதிருத்தல் இன்றைய மாணவர் கடனாகும்.