கிளைட் நதிக்கரையின் கணனித் தொழில்: எழுச்சியும் வீழ்ச்சியும்

ஊரில் ஆசிரியப் பணி புரிந்தவர் என்ற காரணத்தினால், பிள்ளைகளின் மேற்படிப்புப் பற்றிப் பெற்றோர் பலர் எம்மிடம் ஆலோசனை கேட்பதுண்டு. அண்மையில், எரிபொருள் நிலையமொன்றில் இரவு வேலை செய்யும் தந்தையார் ஒருவர் எம்மிடம் வந்தார். "மகனுக்குக் கொம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டுறதிலைதான் விருப்பம், மாஸ்ரர். அந்தப் படிப்புக்கு வேலை இருக்குமோ? இருந்தாலும் நிலைக்குமோ?" என்று கேட்டார்.

நாம் கலைப் பட்டதாரி. மின்சுற்றுக்களைப் பற்றிய அறிவு எமக்குக் கிடையாது. ஆயினும் அவருடைய இரண்டாவது கேள்வி தொழில்நுட்பம் பற்றியதன்று; அது வரலாறு பற்றியது. நாம் வாழும் இப்பிரித்தானியாவிலேயே, ஸ்கொட்லாந்தின் கிளைட் நதிக்கரையில், அக்கேள்விக்கான விடை அரை நூற்றாண்டு காலமாக எழுதப்பட்டிருக்கிறது. அதனை எமது வாசகர்களுடன் சேர்ந்து படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பலிலிருந்து கணனிக்கு

கிளாஸ்கோ நகருக்கு மேற்கே, கிளைட் நதி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது கிறீனொக் நகரம். நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் 1736 இல் பிறந்தது இந்நகரிலேயே. தலைமுறை தலைமுறையாக இங்குள்ள மக்கள் கப்பல் கட்டி வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அத்தொழில் மெல்ல மெல்லத் தளரத் தொடங்கியது. அக்காலத்தில், 1951 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் இந்நகரில் கால் பதித்தது. முதலில் அலுவலக இயந்திரங்களும், பின்னர் கணனிகளின் பாகங்களும், 1980 களில் தனியாள் கணனிகளும் இங்கு உற்பத்தியாயின.

ஐ.பி.எம். நிறுவனத்தைப் பின்பற்றி ஏனையோரும் வந்தனர். மோட்டறோலா ஈஸ்ற் கில்பிறைட் நகரிலும், நஷனல் செமிகொண்டக்டர் கிறீனொக்கிலும், ஜப்பானின் என்.ஈ.சி. லிவிங்ஸ்ரனிலும், கொம்பாக் 1987 இல் ஏர்ஸ்கின் நகரிலும் தொழிற்சாலைகளை அமைத்தன. கலிபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கை நினைவூட்டும் வகையில் மக்கள் இப்பிரதேசத்தைச் "சிலிக்கன் கிளென்" என அழைத்தனர். ஐரோப்பாவில் விற்கப்படும் தனியாள் கணனிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இங்கிருந்தே செல்வதாக 1990 களில் பெருமையுடன் கூறப்பட்டது.

இந்நிறுவனங்கள் இங்கு வந்தமைக்குக் காரணங்கள் இருந்தன. அரசாங்கம் தாராளமாக உதவிப் பணம் வழங்கியது. ஆங்கிலம் பேசும் தொழிலாளர் கிடைத்தனர். ஐரோப்பியச் சந்தைக்குள் சுங்க வரியின்றிப் பொருள்களை அனுப்ப முடிந்தது. அயலிலேயே பழமை வாய்ந்த பல்கலைக்கழகங்கள் இருந்தன. கப்பற் பட்டறைகளில் வேலை இழந்தோரின் பிள்ளைகள், வெண்ணிற மேலங்கி அணிந்து கணனித் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். கிறீனொக்கில் தொழிலாளர் வந்து போவதற்கென்றே 1978 இல் ஐ.பி.எம். தொழிற்சாலையின் அருகில் தனியானதொரு புகையிரத நிலையம் திறக்கப்பட்டது. நிலையத்தின் பெயரும் ஐ.பி.எம். என்பதே.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்" என்பது எமது யாழ்ப்பாணத்துப் பழமொழி. நிலையான உத்தியோகத்தின் மீது எம்மவருக்கு இருந்த நம்பிக்கையைத்தான் கிறீனொக் மக்களும் அந்தத் தொழிற்சாலையின் மீது வைத்திருந்தனர் எனலாம்.

சரிவு

அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 1996 இல் தென்கொரியாவின் ஹயுண்டாய் நிறுவனம் டன்பேர்ம்லின் நகரில் மாபெரும் சிப் தொழிற்சாலை ஒன்றை அமைக்கப் போவதாக அறிவித்தது. கட்டடம் எழுந்தது, ஆனால் ஆசிய நாடுகளின் பொருளாதார நெருக்கடியும் சிப் விலை வீழ்ச்சியும் குறுக்கிட்டன. பின்னர் மோட்டறோலா அதனை வாங்கியது. எனினும் அத்தொழிற்சாலையில் ஒரு சிப் தானும் உற்பத்தியாகவில்லை. ஈற்றில் கட்டடம் இடித்துத் தள்ளப்பட்டது.

2001 ஆம் ஆண்டு இன்னும் கொடியதாக அமைந்தது. பாத்கேற் நகரில் இருந்த மோட்டறோலாவின் கைத்தொலைபேசித் தொழிற்சாலை மூடப்பட்டு 3,100 பேர் வேலை இழந்தனர். அந்நகர மக்களுக்கு இது முதல் அனுபவமன்று. 1986 இல் லொறித் தொழிற்சாலை மூடப்பட்டதையும் அவர்கள் கண்டிருந்தனர். லிவிங்ஸ்ரனில் என்.ஈ.சி. தொழிற்சாலையும் 2000 களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. ஐ.பி.எம். தனது தனியாள் கணனித் தொழிலை 2005 இல் சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. கிறீனொக் தொழிற்சாலைக் கட்டடங்களும் காலப்போக்கில் இடிக்கப்பட்டன. 2018 இல் அந்தப் புகையிரத நிலையத்தில் வண்டிகள் நிற்பதும் ஒழிந்தது. இறங்குவதற்கு ஆளில்லாத நிலையத்தில் வண்டி எதற்காக நிற்க வேண்டும்?

காரணம் யாது? இத்தொழிற்சாலைகளுட் பல, வேறு நாடுகளில் வடிவமைக்கப்பட்ட கணனியின் பாகங்களை வருவித்து, அவற்றைப் பொருத்தி அனுப்புவனவாகவே இருந்தன. "திருப்புளித் தொழிற்சாலை" என்று இந்நாட்டார் அவற்றை எள்ளி நகையாடியதுண்டு. எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்னும் தீர்மானங்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் எடுக்கப்பட்டன. கணனியின் விலை ஆண்டுதோறும் இறங்க, கூலி குறைந்த இடத்தைத் தேடித் தொழில் நகர்ந்தது. 2001 இல் சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் இணைந்தது. 2004 இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. திருப்புளியை எந்நாட்டவரும் பிடிக்கலாம் அல்லவா?

அதே ஊரில் இன்னொரு தொழிற்சாலை

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. கிறீனொக்கில் நஷனல் செமிகொண்டக்டர் அமைத்த தொழிற்சாலை கணனியைப் பொருத்தும் தொழிற்சாலையன்று. மெல்லிய சிலிக்கன் தட்டுக்களின் மீது மின்சுற்றுக்களைப் பதித்துச் சிப்புகளை உருவாக்கும் இடம் அது. தூசு புகாத அறையில், ஒளியினாலும் இரசாயனங்களினாலும், நூற்றுக்கணக்கான படிமுறைகளில் அவ்வேலை நடைபெறுகிறது. ஒரு படியில் நேரும் சிறு பிழை முழுத் தட்டையும் பழுதாக்கிவிடும். எனவே அங்குள்ள தொழிலாளியின் பல்லாண்டு அனுபவமே பெரும் மூலதனம். அத்தொழிற்சாலை 2011 இல் ரெக்சஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் வசமாயிற்று. 2016 இல் அதனை மூடப் போவதாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2019 இல் டயோட்ஸ் என்னும் நிறுவனம் தொழிற்சாலையையும் தொழிலாளரையும் சேர்த்துப் பொறுப்பேற்றது. பெயர்ப்பலகை மூன்று முறை எழுதப்பட்டது. உள்ளே இருந்த கைத்திறனுக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

எடின்பரோவில் நிகழ்ந்தது இதனிலும் குறிப்பிடத்தக்கது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஆய்விலிருந்து 1984 இல் வூல்ப்சன் மைக்றோ இலெக்ற்றோனிக்ஸ் நிறுவனம் தோன்றியது. ஒலிக்கான சிப்புகளை அது வடிவமைத்தது. உலகெங்கும் விற்பனையான ஐபொட் கருவிகளுக்குள்ளும் அவை இடம்பெற்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1990 இல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.எம். நிறுவனமோ, பல பத்தாண்டுகளாகச் சொந்தத் தொழிற்சாலை ஏதுமின்றி, வடிவமைப்பை மட்டும் பிறருக்கு உரிமம் வழங்கியே வளர்ந்தது. இன்று எமது வாசகர்களின் கையிலுள்ள தொலைபேசிகளுட் பெரும்பாலானவற்றின் உள்ளே அவ்வடிவமைப்பே இயங்குகிறது.

நாம் எதனையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. சிலிக்கன் தட்டுச் செய்யும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டுள்ளன. வூல்ப்சன் நிறுவனமும் 2014 இல் அமெரிக்க நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று. நிறுவனம் எதுவும் நிரந்தரமன்று. ஆனால் ஒரு நிறுவனம் மூடப்பட்டபோது, பொருத்த மட்டும் அறிந்தவர் வேறு தொழில் தேட நேர்ந்தது. ஏன், எவ்வாறு என்று அறிந்தவரோ அடுத்த நிறுவனத்தின் வாயிலைத் தட்ட முடிந்தது. கிளைட் நதிக்கரை கற்பிக்கும் பாடம் இதுவே.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

இப்பாடம் எமக்குப் புதியதன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் நின்றுபோனதை நாம் கண்டோம். காணியையும் வீட்டையும் விட்டு, கற்றதை மட்டும் சுமந்து வந்தோம். ஆனால் இங்கு வந்தபின் வேறொன்றையும் அறிந்தோம். எமது சான்றிதழ்களை இந்நாடு ஏற்கவில்லை. பட்டதாரி ஆசிரியர்களும் கணக்காளர்களும் எரிபொருள் நிலையங்களில் இரவு விழித்திருந்தனர். ஆதலால் அறிவு மட்டும் போதாது. இந்நாடு ஏற்றுக்கொள்ளும் சான்றிதழும் அதனுடன் இருத்தல் வேண்டும்.

இன்று இத்துறைக்கு மீண்டும் மதிப்பு உயர்ந்துள்ளது. 2022 இல் அமெரிக்காவும் 2023 இல் ஐரோப்பிய ஒன்றியமும் சிப் உற்பத்திக்கெனச் சட்டங்களை இயற்றின. பிரித்தானிய அரசாங்கமும் பத்தாண்டு காலத்தில் நூறு கோடி பவுண் வரை செலவிடுவதாக 2023 இல் அறிவித்தது. இவ்வறிவிப்புகளைக் கேட்டு மயங்குதல் ஆகாது. டன்பேர்ம்லினிலும் அறிவிப்புக்குக் குறைவிருக்கவில்லை. சிப் வடிவமைப்பு, வடிவமைத்ததைச் சோதித்து உறுதிப்படுத்தல், தூசற்ற அறையின் இயந்திரங்களைப் பராமரித்தல், தரவு நிலையங்களின் கணனிகளைப் பேணுதல் ஆகியன கற்றோருக்கு இடமளிக்கும் தொழில்கள். முதலிரண்டுக்கும் கணிதமும் பௌதிகவியலும் அடங்கிய பட்டப்படிப்பு வேண்டும். பின்னிரண்டுக்கும் தொழிற்கல்லூரியும், சம்பளத்துடன் கூடிய தொழில் பழகுநர் பயிற்சியும் வழி திறக்கும். பழகுநர் பயிற்சியை எம்மவர் தாழ்வாகக் கருதுவது தவறு.

அத்தந்தையாருக்கு நாம் கூறிய விடை இதுதான்: "பெடியனைத் தடுக்காதையுங்கோ. ஆனால் எந்தக் கொம்பனி எண்டு முதலிலை பாக்காமல், அங்கை அஞ்சு வருசம் இருந்தால் என்னத்தைக் கற்றுக்கொண்டு வெளியிலை வருவான் எண்டு பாருங்கோ. கழற்றிப் பூட்டட்டும், ஆனால் அது ஏன் வேலை செய்யுது எண்டும் படிக்கட்டும்."

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, மகனுக்குக் கணிதத்தில் எத்தனை புள்ளி என்று தமக்குத் தெரியாது என்றார். அன்றிரவு வேலைக்குப் போகும் முன் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார்.